எழுத்தின் வயிறு

செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் உண்டு.
இந்தப் பக்கம் ஓண லீவு, பத்து நாள்.
மீனாட்சிபுரத்தில் மழை.
கணவாய்க் காற்று அதைப் பிடித்துச் சாய்த்து
ஜன்னலுக்குள்ளும் கொஞ்சம் தருகிறது.

பரண் மேல் கிடந்த காக்கி உறைகளைத்
தீர்த்தாதான் இழுத்துப் போட்டாள்.
பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில்
முப்பத்தோரு வருஷம் இருட்டறையில் நின்றவனுக்கு
மிஞ்சிய சொத்து:
கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்கள்.

"இது யாரு கை?"
பேர் மறந்துபோச்சு.
தென்னையிலிருந்து விழுந்தவர்,
மணிக்கட்டில் முறிவு.
படம் எடுத்து முடிப்பதற்குள்
மறு கையை நீட்டி பீடி கேட்டார்.

பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளி.
தள்ளி நில்லுங்கள் என்றேன்; நின்றார்கள்,
கழுத்து மட்டும் வாளிக்கு மேல்.
கறுப்பு சுருண்டு சுருண்டு உரிந்தது.
உரிய உரிய எலும்பும் இல்லாமல் போனது.
எலும்பு என்பது
கறுப்பு படாத இடம், அவ்வளவுதான்.
"அந்த மாமாவுக்கு வலிக்குமா?" என்றான் நிவேத்.
"இப்ப முறிவே இல்லையேடா" என்றாள் அக்கா.

வெளுத்த நீலத்தில், கண்ணாடிபோல
ஏழு தாள் கொடியில் காய்ந்தன,
அவர்கள் அப்பாவின் பனியனுக்குப் பக்கத்தில்.

பிளேடு என் கையில், யோசனை அவள் கையில்.
அதுதான் ஒப்பந்தம்.
முதலில் யானை. அது சுலபம்,
யானைக்கு ஓட்டை கிடையாது.
அப்புறம் கேட்டில் பேர். தமிழில்.
ஏன் தமிழில்?
"கிளாஸ்ல ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது.
அதுக்குத்தான்."

தீர்த்தாவில் மூன்று த.
சுற்றி வெட்டி முடித்ததும்
நடுவிலிருந்த நீலத் துண்டு
பொத்தென்று தரையில்.
அடுத்த த. அதுவும்.
நிவேத்தின் வே-யில் கொம்பிலிருந்துகூட விழுந்தது.
பெயிண்டைத் தொட்டு ஒற்றிப் பார்த்தால்
எழுத்து இல்லை, வீங்கிய கட்டி.

"வயிறு விழுந்துருச்சு தாத்தா" என்றான் சின்னவன்.
எலும்பு ஒட்டும் காலமெல்லாம் எனக்குத் தெரியும்.
இது தெரியவில்லை.

தீர்த்தா சமையற்கட்டுக்குப் போனாள்.
ரேஷன் அரிசிச் சாக்கின் முன்னால்
வெகுநேரம் குத்தவைத்திருந்தாள்.
திரும்பி வந்து,
"சாக்குல எல்லா எழுத்துலயும்
மயிரளவு முறிவு இருக்கு" என்றாள்.
புதுத் தாளில் அவளே கோடு போட்டாள்,
ஒவ்வொரு வயிற்றுக்கும் இரண்டு பாலம்.
"இங்க வெட்டக் கூடாது.
இங்கயும்.
தாத்தா, கை நடுங்குனா நிறுத்திக்கோங்க."

நடுங்கியது. நிறுத்தினேன். மறுபடி வெட்டினேன்.

மழை விட்ட சாயங்காலம் கேட்டில் நாலு கை.
பாத்திரம் தேய்க்கிற பஞ்சு, மிச்சமிருந்த பச்சை எனாமல்.
அழுத்தி ஒற்றியதில் அடியில் கசிந்து
நிவேத்துக்கு ஒரு வால் முளைத்தது.
அவனுக்கு அது பிடித்துவிட்டது.
யானைத் தாளை ஒருமுறை நேராகவும்
தெரியாமல் ஒருமுறை புரட்டியும் வைத்துவிட்டோம்.
ஒன்று பாலக்காடு பார்த்துப் போகிறது,
ஒன்று பொள்ளாச்சிக்கு.
கேட்டை மூடும்போது
பின்புறமும் பின்புறமும் இடித்துக்கொள்கின்றன.

தேங்காய் லோடு ஏற்றிப் போன லாரிக்காரர்
வேகத்தைக் குறைத்து
சத்தமாக எழுத்துக்கூட்டிப் பேரை வாசித்தார்.
ரகசியம் அத்தோடு போயிற்று.
தீர்த்தாவுக்கு அழுகை,
பழம்பொரி தின்னும்வரை.

ராத்திரி விளக்கணைக்கப் போகையில்
நிவேத் ஒரு தீப்பெட்டி கொண்டுவந்தான்.
உள்ளே எட்டு நீலத் துண்டுகள்,
தரையிலிருந்து அவன் பொறுக்கியவை.
கட்டிலில் பரப்பிவிட்டுக் கேட்டான்:
"இதுல எது அக்கா வயிறு, எது என் வயிறு?"

உள்ளங்கையில் வைத்து
பல்புக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்,
பழைய பழக்கம்.
விலா எலும்பை வைத்தே
ஆளைச் சொன்னவன் நான்.

சொல்லத் தெரியவில்லை.