எட்டுப் பேர்

மெரிங்கல் கால்பந்துக் கழகத்துக்கு
இருப்பது ஒரே கோப்பை. 1967.
கொரல்லா அணியின் பேருந்து வழியில் படுத்துவிட்டது,
லாரி பிடித்து எட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள்.
ஒன்று–பூஜ்யம். அதுவும் அவர்களே
தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்டது.
ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார் ட்ராகுட்டின்,
கூட்டக் குறிப்பேட்டில், பச்சை மையில்.

பழ டப்பா ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
பீச் வாடையோடு வந்தவர்களின் கழகம்.
பாசனக் குழாயை அறுத்துக் கோல்கம்பம்.
சுண்ணாம்புக்குக் காசில்லாத வாரம்
மைதாவில் கோடு போட்டார்கள்.
பெனால்டி எல்லையை இடைவேளைக்குள்
காக்கட்டூக்கள் தின்றுவிட்டன.
நடுவர் குத்துமதிப்பாக ஊதினார்.

எண்பத்திரண்டு, வறட்சி. பக்கத்துக்கு ஒரே வரி:
"தரை கல். யெர்கோவின் முட்டி போயிற்று."

ஆலை மூடியது.
பதினொரு வருஷம் வெற்றுத்தாள்.

பிறகு வேறு கையெழுத்து, நீல மை.
இறைச்சிக்கூடத்தில் வேலைக்கு வந்த
நாவ் ஏ மூ, செயலாளர்:
"நம்மிடம் ஒன்பது பேர்தான்.
கொரல்லாக்காரர்கள் இரண்டு பேரைக் கடன் தந்தார்கள்.
ஏனென்று கேட்டேன்.
அந்தப் பேருந்தைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.
புரியவில்லை.
ஆறு–பூஜ்யம், தோல்வி.
கடன் வாங்கியவர்களில் ஒருவன்
நன்றாகவே ஆடினான்."