மணல் சேராத கலவை

இதில் மணல் கிடையாது.
ஜல்லி, சிமெண்ட்,
தண்ணீர் கஞ்சன் வார்த்த அளவு.
லாரிச் சரிவில் வழிந்து வராது,
இழுத்துத்தான் இறக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸில் ஜென்டில்லிப் பக்கம்
ஒரு சலவைக் கடையின் வண்டி நிறுத்துமிடம்.
கடைக்காரி வெர்லீன் பிரூசார்,
மூன்று தடவை உலர்த்தி இயந்திரங்களை
வெள்ளத்துக்குக் கொடுத்தவள்.

முந்தாநாளே ஒரு முழம் தோண்டி
வெறும் கல்லாகக் கொட்டியிருந்தோம்.
காலையில் அதன்மேல் தண்ணீர் தெளித்தோம்.
காய்ந்த கல்
கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும்.

நஹூம் ஒரு கை அள்ளி உருட்டினார்.
பொரி உருண்டை போல நிற்க வேண்டும்.
உதிர்ந்தால் தண்ணீர் போதாது.
பாகு விரலில் ஒழுகினாலோ
அடியில் இறங்கிக் கண்களை அடைத்துவிடும்.
நின்றது.
ஈயம் பூசியது போல் மினுங்கியது.
"இறக்கு."

அப்புறம் ஒரே ஓட்டம்.
ஜூன் வெயிலுக்குக் காத்திருக்கத் தெரியாது.
பரப்பி, மட்டப்பலகையால் வழித்து,
உருளையை நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை இழுத்து,
இருபது நிமிடத்துக்குள் பிளாஸ்டிக் விரிப்பு.
கரணை மட்டும் தொடக்கூடாது.
தேய்த்தால் துளை மூடும்.

இருபத்தாறு வருஷம்
சான் பெத்ரோ சூலாவிலும் இங்கேயும்
கண்ணாடியாய்த் தரை இழைத்த கை நஹூமுக்கு.
சொரசொரப்பு அந்தக் கைக்கு ஆகாது.
வடகிழக்கு மூலையில்
விரிப்பு வந்து சேருமுன்
ஒரே ஒரு இழுப்பு.
நான் பார்த்தேன். சொல்லவில்லை.

ஏழு நாள் மூடிக் கிடந்தது.
எட்டாம் நாள் வெர்லீன் குனிந்து தடவிப் பார்த்து,
"இத்தனை ஓட்டைக்கா இத்தனை பணம்?" என்றாள்.

பதினோராம் நாள்
வானம் பொத்துக்கொண்டது.
கூரையில் விழுந்தது, ரோட்டில் புரண்டு வந்தது,
எல்லாம் அந்தத் தரையைத் தொட்டது,
காணோம்.
சளசளப்பு இல்லை.
யாரோ கஞ்சி உறிஞ்சுகிற மாதிரி
அடியில் மெல்லிய சத்தம்.
வெர்லீன் வாசலில்,
இடுப்பில் பிள்ளை போல ஒரு மணல்மூட்டையோடு,
இறக்கி வைக்கவும் தோன்றாமல்.

மூலையில் மட்டும்
உள்ளங்கையகலம் தண்ணீர் நின்றது,
சாம்பல் வானம் ஒரு துண்டு அதில்.
நஹூம் நனைந்தபடி போய்க் குந்தினார்.
விரலை விட்டுத் தடவினார்.

"நல்லாத்தான் இழைச்சிருக்கேன்,"
என்றார்,
யாரிடமும் இல்லாமல்.