மாப்பிள்ளை பங்களா

கல்மண்டபம் தாண்டி இடப்பக்கம்.
ஒரே கதவு எண், பதினோரு மீட்டர்.
ரெண்டு மாதத்துக்கொரு தடவை
ரீடிங் எடுக்கப் போகிறேன்.

எந்த மாப்பிள்ளை என்று கேட்டால்
ஆளுக்கொரு கல்யாணம் சொல்வார்கள்.
மெயின் பாக்ஸுக்கு மேலே, வெள்ளைப்பூச்சுக்கு அடியில்
விரலுக்குத் தட்டுப்படுகிறது பெயர்:
மெக்ஃபெயில், 1841.

ஸ்காட்லாந்தில் அப்பன் வீடு
கடனில் போனதாம்.
அவுரி விற்ற காசில்
அதையே ராயபுரத்தில் எழுப்பினான்.
மூலைக்கொரு கூம்புக் கோபுரம்.
பனி வழுக்கி விழ
செங்குத்தாய்க் கூரை.
இதுநாள்வரை அதில் வழுக்கியது
ஐப்பசி மழை,
அறுந்த காத்தாடிகள்,
ஒருமுறை லைன்மேன் தணிகாசலம்.

சுவர் மட்டும் இந்த ஊர் கை.
கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, தயிர்.
மே மாத மத்தியானம் கன்னம் வைத்தால்
சில்லென்று இருக்கும். வைத்திருக்கிறேன்.

கூடத்தில் குளிர்காயும் கணப்பு.
கருங்கல்லில் முட்செடிப் பூ.
கப்பலில் வந்த கல்லாம்.
போன மாசி வரை
உள்ளே கை விட்டால் கரி ஒட்டாது.
இந்த ஊரில் யார் மூட்டுவார்கள்?

கூடம் இப்போது டெல்பின் வீடு, ஏழாவது மீட்டர்.
சிலிண்டர் விலை ஏறியதும்
கணப்புக்குள் விறகடுப்பு போட்டுவிட்டாள்.
சங்கரா வறுபடுகிறது.
புகை ஒரு இழைகூட அறைக்குள் திரும்பாமல்
நேராய் மேலேறி
ஹார்பர் கிரேன் பக்கம் சாய்கிறது.

"யாரோ நல்லா கட்டிக்கிறான் சார்" என்கிறாள்
மீனைத் திருப்பிப் போட்டபடி.

தொண்ணூற்றாறு யூனிட்.
நூறு தாண்டவில்லை. பில் இல்லை.