பத்தொன்பதாவது படி

"இதென்ன படிப்பு?" என்று கேட்டவர்களுக்கு
முதலாம் வருடம் விளக்கம் சொன்னேன்.
இரண்டாம் வருடம் சுருக்கிச் சொன்னேன்.
இப்போது "ஓம், பிசியோ மாதிரித்தான்" என்றுவிட்டு
தேத்தண்ணியைக் குடிக்கிறேன்.
தொழில்வழிச் சிகிச்சை என்றால்
சித்தப்பாவுக்கு அது வேலைவாய்ப்புப் பணியகம்.
மகனின் சுயவிபரக்கோவையை
ஒருநாள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்.

வெள்ளவத்தை போர்டிங்கில் இரண்டு பேர், ஒரு மின்விசிறி.
கையின் எலும்புகளை நான் மனப்பாடம் செய்தது
நூற்றைம்பத்துநாலாம் பஸ்ஸில்,
மேல்கம்பியைப் பிடித்திருந்த அந்நியரின் கைகளில்.
படகெலும்பு, பிறையெலும்பு, பட்டாணி எலும்பு.
தும்முல்லச் சந்தியில்
பாதி படித்த ஒரு மணிக்கட்டு இறங்கிப்போனது.

ஒரு செயலைப் படிபடியாய்ப் பிரி என்கிறது பாடம்.
புத்தகம் குளிர்நாட்டில் அச்சானது.
முள்ளுக்கரண்டி இருக்கிறது, சப்பாத்து நாடா இருக்கிறது,
வாசலில் விழுந்த பனியை வழிப்பதுகூட.
சாரம் உடுப்பது இல்லை.
சோறு குழைப்பது இல்லை.

பதினேழாம் கட்டில், மஃறூப் நானா.
நாலாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை சுமந்த வலப்பக்கம்
ஒரு புதன்கிழமை
லொறிக்கும் கடைவாசலுக்கும் நடுவில்
அவரை விட்டுப் போயிருந்தது.
தடித்த பிடி போட்ட கரண்டியை
அவருடைய இடக்கையில் வைத்தேன்.
கரண்டியைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.
பிறகு மிக மரியாதையாக,
"மகள், இது எந்தக் கை எண்டு தெரியுந்தானே?"

தெரியும்.

அன்றிரவு கதவைச் சாத்திவிட்டு
இடக்கையால் சாப்பிட்டுப் பார்த்தேன்.
பருப்பு முழங்கைவரை இறங்கியது.
எவ்வளவு அழுத்தினால் சோறு பிடியாகும்,
எவ்வளவில் களியாகும் என்று
அந்த விரல்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.
கதவைத் திறந்த நிரோஜினி
"ச்சீ, என்னடி செய்யிறாய்" என்றாள்.
அந்த ச்சீயையும் குறித்துவைத்தேன், திகதி போட்டு.

மொத்தம் முப்பத்தொரு படி எழுதினேன்.
குழம்பு எங்கே, மீன்முள் எங்கே என்று கண் துழாவுவது.
விரல்கள் கூடுவது.
பத்தொன்பதாவது,
பெருவிரல் பின்னாலிருந்து சோற்றைத் தள்ளும் கணம்.
அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டேன்.
சந்தமாலி மிஸ் தன் வெறுங்கையை
வாய்வரை கொண்டுபோய்ப் பார்த்தா.
"இல்லை," என்று சிரித்தா.
ஆனாலும் இருபதுக்குப் பதினொன்றுதான்.
"தன் கையால் சாப்பிட்டேன் என்று நோயாளி சொல்வார்"
என்ற என் இலக்கை
அளக்க முடியாதாம். சிவப்பு மை.

இரண்டு கிழமை களிமண்ணைப் பிசைந்தோம்.
பிறகு பீங்கானுக்கடியில் ஈரத்துணி விரித்து,
அவருடைய வலது மணிக்கட்டின் கீழ் என் உள்ளங்கையைக் கொடுத்து,
ஆஸ்பத்திரிச் சோறு.
முதல் பிடி விரிப்பில்.
அடுத்த மூன்றும் என் வெள்ளை உடுப்பில்.
அடுத்த கட்டில்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்,
அந்த உபகாரத்துக்கு நான் நன்றி சொல்லவில்லை இன்னும்.
ஐந்தாவது, நடுங்கி, பாதி உதிர்ந்து,
உள்ளே போனது.
நெடுநேரம் மென்றார்.
நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"உப்பில்ல," என்றார்.

லொக் புத்தகத்தில் ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம்.
ஆயிரத்தில் இன்னும் அறுநூற்றுச் சொச்சம் பாக்கி.

செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
பெண்கள் வார்ட்டில் எனக்குப் புதிதாக ஒருவர், குசுமலதா.
ஒரு கைதான் வேலை செய்கிறது.
என்ன செய்ய விருப்பம் என்று
என் உடைந்த சிங்களத்தில் கேட்டேன்.
கொண்டை போட, என்றார்.

புத்தகத்தைத் திறக்கவில்லை.
போர்டிங்குக்கு வந்து தலைமயிரை அவிழ்த்துவிட்டு
நிரோஜினியிடம் ஒரு சால்வையை நீட்டினேன்.
ஏனென்று கேட்காமல்
என் வலக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள்,
கொஞ்சம் இறுக்கமாகவே.