முழங்கை, வலது

தடுப்பூசிகளோடு சேர்த்து
ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டாள் நர்ஸ் செவ்வந்தி.
மருந்து என்று நினைத்தாளாம்.
காரிமங்கலத்தில் நான் பஸ் இறங்கி வருவதற்குள்
மீன்முள் போல விறைத்துக் கிடந்தது பட்டை.
வெளியே வைகாசி வெயில்.

அது உலோகம்.
பதினைந்து பதினாறு டிகிரி தாண்டினால்
தண்ணீராக ஓடுகிற உலோகம்.
முடியளவு வாய்க்காலில், ரப்பர் தோலுக்குள் அடைத்திருக்கிறோம்.
கை மடங்கினால் வாய்க்கால் நீளும், ஒல்லியாகும்,
மின்சாரம் போகக் கொஞ்சம் சிரமப்படும்.
அந்தச் சிரமம்தான் கணக்கு.
இதற்கு மேல் சென்றாயனிடம் சொல்லத் தெரியவில்லை எனக்கு.
"பாதரசமா?" என்றார்.
இல்லை, அந்த விஷம் இல்லை, இது காலியம் என்றேன்.
"காலியமா? ஆளைக் காலி பண்ணாம இருந்தா சரி."

உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து
கும்பிடுகிறவள் போல உட்கார்ந்திருந்தேன்,
ஏழெட்டு நிமிஷம்.
எதிரே அவர்.
மடங்காத கையை மேசைமேல் போட்டிருந்தார்,
வண்டியிலிருந்து இறக்கி வைத்த குழாய் மாதிரி.

போர் வண்டியில் பத்தொன்பது வருஷம்.
நானூறு அடியில் ஆரம்பித்த வேலை
ஆயிரத்து நூறில் வந்து நின்றது.
பாலக்கோடு, பென்னாகரம், மொரப்பூர்,
எந்தக் காட்டில் எத்தனையாவது அடியில்
கருங்கல் மாறி வெள்ளைக்கல் வரும் என்பது
அவருக்கு நாக்கு நுனியில்.
தண்ணீர் பீறியதும் முதல் கை அள்ளிக் குடிப்பது அவர்தான்.
அவர் வண்டியில் அது வழக்கம்.
குடித்துவிட்டு, நிலத்துக்காரன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்:
நல்ல தண்ணி.
வீட்டிலும் அதே ஆழத்துத் தண்ணீர்தான்.
அதில்தான் குளித்தார், அதில்தான் சோறு வடிந்தது.
கல்லோடு நெடுநாள் கிடந்து
கல்லின் குணத்தில் கொஞ்சம் எடுத்து வந்த தண்ணீர்.
முதலில் பல்லில் காவிக் கோடு.
பிறகு கழுத்து, இடுப்பு.
கடைசியாக, லீவர் பிடித்த கை.

பட்டை ஓர் ஓரத்திலிருந்து இளகியது.
ஒட்டினேன். "மடக்குங்க."
நாற்பத்தொன்று.
"இன்னும் கொஞ்சம்."
நாற்பத்தொன்று.
ராத்திரியும் இருக்கட்டும், கழற்றாதீங்க என்று
கையெழுத்து வாங்கினேன். இடது கையால் போட்டார்.
டீ கிளாஸும் இடது கையில்.
சாப்பிடுவது எந்தக் கையால், படிவத்தில் ஒரு கேள்வி.
"இதுல பழகிக்கிட்டேன்" என்றார்.
பழகிவிட்டார் என்று எழுதினேன்.

மறுநாள் பதிவை இறக்கிப் பார்த்தேன்.
ஒன்பது மணிக்குப் படுத்திருக்கிறார்.
நேர்கோடு. நேர்கோடு.
புரண்டதற்கு ஒரு சின்ன மேடு.
இரண்டே காலுக்குத் தொடங்குகிறது.
ஐம்பத்திரண்டு. கீழே.
ஐம்பத்தாறு. கீழே.
அறுபது.
ஒரு நிமிஷம் எதுவுமில்லை.
அறுபத்து மூன்று, அங்கேயே நின்று நடுங்குகிறது கோடு,
நடுங்கி நடுங்கி
கீழே.

பதினோரு தடவை.
பகலில் நாற்பத்தொன்றைத் தாண்டாத கை.

ஒரு கவளம் வாய்க்குப் போக
நூற்று முப்பது வேண்டும்.
எங்கள் கையேட்டில் படமே உண்டு,
ஒருவர் சிரித்தபடி சாப்பிடுகிறார்.

விளக்குப் போடாமல் செய்திருப்பார்.
பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் தெரியாமல்.
கையில் சோறு இருந்ததா, வெறும் விரல்கள்தானா,
அதைப் பட்டை சொல்லாது.
மற்றதையெல்லாம் சொல்லிவிட்டது.
தோல் போகிற வழியெல்லாம் கூடவே போய்
திரும்பி வந்து ஒப்பிக்கிற உலோகம்,
வெட்கம் கிடையாது அதற்கு.

'இரவு அசைவு இருப்பின் காரணம்' என்று ஒரு கட்டம்.
கேட்கலாம், வெளி பெஞ்சில்தான் இருந்தார்.
கூழ் ஆலைக்காரன் மாங்காயை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான் என்று
செவ்வந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்,
இடது கையை ஆட்டி ஆட்டி.

கட்டத்தில் எழுதினேன்:
கொசு.

பட்டையை உரிக்கும்போது மயிர் இழுத்தது, முகம் சுளித்தார்.
"ஏதாச்சும் சொல்லுச்சா?"
நல்லா வேலை செய்யுது என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.

கிளம்புமுன் டப்பாவின் மூடிமேல்
மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன்,
செவ்வந்திக்காக:
இது மருந்தல்ல.
குளிரில் வைக்க வேண்டாம்.