மூட்டையின் அடி

நான்கு வருடத்துக்கு எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.
விடுதி தனி. சாப்பாடு தனி.
தர்பங்கா பேருந்து நிலையத்து மாடியில்
ஏஜென்ட் கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தான்.
அப்பா காதில் செருகியிருந்த பஞ்சை எடுத்து
மோந்து பார்த்துவிட்டு
மறுபடி செருகிக்கொண்டார்.

மழைக்காலம் முடியும்வரை அந்தக் காதில் சீழ் நிற்காது.
குளத்தின் அடிச்சேற்றில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
மக்கானா விதை அரிப்பவர் அவர்.
ஒரு கூடை கறுப்பு விதை கரையேற
எத்தனை முழுக்கு என்று எனக்குத் தெரியும்.
ஆறு வயதில் கரையில் உட்கார்ந்து
எண்ணுவது என் வேலை.
விதைக்காக இல்லை,
தலை மேலே வருகிறதா என்று பார்க்கத்தான்
எண்ணச் சொன்னார்கள் என்பது
பத்தாவது படிக்கும்போதுதான் உறைத்தது.

இப்போதும் அதையே எண்ணினேன்.
எட்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு
எத்தனை முழுக்கு?
கால்குலேட்டரில் இடம் இருந்தது.
நான்தான் சமக்குறியை அழுத்தவில்லை.

சுவரில் கோட்டு போட்ட பதினோரு பேர் சிரித்தார்கள்.
ஒவ்வொரு மோவாய்க்கும் கீழே ஒரு சம்பளம்.
"போட்ட பணம் மூன்றே வருடத்தில்
கைக்கு வந்துவிடும், சாஹ்னிஜி."
அரிசி வாங்கப் போனால்
மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு
அடியரிசியை அள்ளிப் பார்க்கிற என் அப்பா
சுவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.
குளத்தில் எங்கள் பங்கு என்ன விலை போகும் என்று
உதடு அசைத்துக் கணக்குப் போட்டார்.

"போன வருடம் எத்தனை பேர் படித்து முடித்தார்கள்?"
கேட்டது நான்.
முந்நூற்று அறுபதாம்.
"மீதிப் பேர்?"
ஏஜென்டுக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.
எழுந்து வராந்தாவுக்குப் போனான்.

என் பெயரை விண்ணப்பத்தில் நிரப்பிக்கொண்டிருந்த பையனுக்கு
அச்சடித்ததுபோல் கையெழுத்து.
லல்பரி குமாரி, மகள், ராம்ஸ்வார்த் சாஹ்னி.
எங்கே படித்தீர்கள் என்றேன்.
தலையை நிமிர்த்தாமல்
சுவரைப் பேனாவால் காட்டினான்.
மெக்கானிக்கல். முதல் வகுப்பு.
இங்கே மாதம் ஒன்பதாயிரம்.
"என்னையும் வேலை கிடைத்தவன் கணக்கில்தான்
எழுதியிருக்கிறார்கள்."
பிறகு, பிறந்த தேதி? என்று கேட்டான்.
நான் சொல்லவில்லை.
அவனும் வற்புறுத்தவில்லை.

திரும்பும் பேருந்தில் அப்பா பேசவில்லை.
கோட்டு நல்ல துணி என்று மட்டும்
ஒருமுறை சொன்னார்.
அப்புறம் கெட்ட காதை ஜன்னலுக்குக் கொடுத்துத் தூங்கிப்போனார்.

கோசி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரி.
ஆய்வுக்கூடம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறதாம்.
பெண்கள் விடுதிக்குக் கதவு வந்துவிட்டது, தாழ்ப்பாள் வரவில்லை.
நான்கு வருடத்துக்கு நாற்பத்தாறாயிரம்.
போனை எடுத்து
முழுக்கால் வகுத்தேன்.
இந்தமுறை சமக்குறியை அழுத்தினேன்.

குறைவாகத்தான் வந்தது.
பூஜ்யம் வரவில்லை.