மிதவை

நவம்பர் கடைசி ஞாயிறு.
கொட்டியாரக் குடா மண்ணிறமாய்ப் புரண்டது.
பவனி வேண்டாம் என்றார் பங்குத்தந்தை;
யாரும் கேட்கவில்லை.

சவரிமுத்தரின் மீன் லொறியில்,
ஐஸ் பெட்டிகளை இறக்கிக் கழுவிய பிறகும்
சூரை மணக்கிற தட்டில்
எழுந்தருளினார் கிறிஸ்து அரசர்.

இடக்கையில் உருண்டை இல்லை.
கடல் உள்ளே வந்த அந்தக் காலை
பீடம்வரை ஏறி
உலகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போயிற்று.
ஒன்பது வருசமாய்
விரல்கள் எதையோ ஏந்தினபடி.

கோட்டை வாசலில் மான்கள் வந்து
தோரணத்தைக் கடித்தன.
பறங்கி, ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன்;
ஆளுக்கொரு கொடி ஏற்றி
ஆளுக்கொரு கப்பலில் போனார்கள்.
துருப்பிடித்த பீரங்கி இன்னும்
யார் வருவான் என்று பார்க்கிறது.
எங்கள் அரசரோ
கிரீடத்தின் பொன்சாயம் தாடியில் வழிய
நனைந்துகொண்டு நின்றார்.

அப்போது லொறியில் தாவி ஏறினாள்
பெஞ்சமினின் பெட்டை, ஜெசிந்தா.
திரும்பி வராத படகு அவன்ரது.
கரை சேர்ந்தது வலைமிதவை ஒன்றுதான்,
வெயிலில் வெளிறிய ஆரஞ்சு நிறம்.
அதை அந்த வெறுங்கையில் அமர்த்தினாள்.
அளவெடுத்தது போல் இருந்தது.

எடு என்று சொல்லத்தான்
சுவாமி வாய் திறந்தார்.
பிறகு குடையை மடக்கினார்.

நானும் நனைந்தேன்.
எத்தனை பாகம் ஆழம் இழுத்திருக்கும் அதை.

லொறி நகர்ந்தது.
குழியில் விழுந்து எழும்பியது.
விழவில்லை.